ஒரு ஆள் வண்டி

என் தங்கை இலக்கியா அப்பாவின் பழைய பால் வண்டியை அறுத்த அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் அறுத்தது பின்பக்க ஃபிரேமில் ஒரு சாண் நீளம்தான். ஆனாலும் அது இருபத்திரண்டு வருடம் இரண்டு பக்கமும் கேன் தொங்க, வல்லத்திராக்கோட்டைக்கும் புதுக்கோட்டைக்கும் பால் சுமந்த மோட்டார் சைக்கிள். கிரைண்டரிலிருந்து பொறி பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா ஆவுடையப்பன், "ஆட்ட அறுத்தாலும் கறி மிஞ்சும். இதுல என்னாத்தா மிஞ்சும்?" என்று கேட்டுவிட்டுப் புது மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"வண்டி மிஞ்சும்ப்பா," என்றாள் இலக்கியா. அவர் காதில் விழுந்திருக்காது.

காரணம் இதுதான். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்திருந்த அவள், திருச்சியில் பழைய மோட்டார் சைக்கிள்களைப் புது வடிவில் மாற்றிக் கட்டும் ஒரு பட்டறைக்குப் போன் செய்து வேலை கேட்டாள். பட்டறைக்காரர் சார்லஸ் ஸ்பீக்கரில் பேசியதை நானும் கேட்டேன். "வேலை தெரியும்னு எல்லாரும்தாம்மா சொல்றாங்க. நீங்களே ஒரு வண்டியக் கட்டி, நீங்களே ஓட்டிட்டு வாங்க. அடுத்த மாசக் கடைசி ஞாயிறு, காலைல பத்து மணி. இருக்கறது ஒரு இடம். அன்னிக்கு முடிவு பண்ணிருவேன்." அந்த இடம் கிடைக்காவிட்டால் திருப்பூரில் பனியன் கம்பெனி. சித்தி அங்கே சொல்லி வைத்திருந்தாள். பெட்டிகூட வாங்கியாகிவிட்டது.

இலக்கியா கட்ட நினைத்தது கஃபே ரேசர். தாழ்ந்த ஹேண்டில்பார், டேங்கிலிருந்து பின்விளக்கு வரை ஒரே கோடாகப் போகும் தட்டையான இருக்கை, கடைசியில் சின்னதாக ஒரு திமில், வேண்டாதது எதுவும் இல்லாத உடம்பு. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் இளைஞர்கள் இப்படி வண்டிகளை இளைக்க வைத்து, ஒரு தேநீர்க் கடையிலிருந்து இன்னொன்றுக்குப் பந்தயம் போவார்கள் என்று சாப்பிடும்போது நான் விளக்கினேன். மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளுகிறவன் நான். மழையில் மினுங்கும் கல் தெருக்களும் மஞ்சள் வெளிச்சம் கசியும் கண்ணாடிக் கதவுகளும் சொல்லும்போதே என் கண்ணுக்குத் தெரிந்தன.

அப்பாவுக்குத் தெரியவில்லை. "டீக்கடைக்குப் போறதுக்கா வண்டியக் கூறு போட்டீங்க? நம்ம கடைக்கு நடந்தே போகலாமேடா."

"வெள்ளக்காரன் வெறும் டீக்கா போயிருப்பான்? வடை நல்லாருந்திருக்கும்," என்றாள் அம்மா.

வீட்டுக்கு முன்னால் கடலை காயப்போடும் சிமெண்டுக் களம்தான் பட்டறை. ஏழு வாரம் இலக்கியா அங்கேயே கிடந்தாள். எனக்குக் கிடைத்த வேலைகள் மூன்று: பிடி, விடு, தள்ளி நில். டேங்கின் ஒவ்வொரு நெளிவையும் அவள் உள்ளங்கையால் தடவித் தடவிக் கண்டுபிடித்தாள். தட்டி, தேய்த்து, மறுபடி தடவி, கடைசியில் கண்மாய்த் தண்ணீர் நிழலில் தெரியும் கரும்பச்சையை அதற்கு அடித்தாள். அம்மா பரிமளா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். கறுப்பு ரெக்சினில் கட்டம் கட்டமாகத் தையல் ஓட்டி இருக்கைக்கு உறை தைத்தாள். மூன்று ஊசி உடைந்தது. நாலாவதில் தையல் ஒழுங்காக வந்ததும் அதை மடியில் போட்டுக்கொண்டு தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

"சீட்டு நல்லாத்தான் இருக்கு. ரெண்டாவது ஆளு எங்கிட்டு ஒக்காரும்?" என்று எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"ரெண்டாவது ஆளு பஸ்ல வரும்," என்பாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. வெள்ளி மாலை திருவரங்குளம் வரை ஓட்டிப்போய்த் திரும்பிய இலக்கியா, இறங்கியதும் இடுப்பின் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். "என்னமோ ஒரு பக்கமா வழுக்குதுண்ணே."

அந்த நேரம் பார்த்து முத்துராஜ் வந்தான். அத்தை மகன், கொத்தனார். இலக்கியாவைச் சீண்டாமல் அவனுக்குச் சோறு இறங்காது. வேலை முடிந்த சிமெண்டுக் கையோடு வண்டிக்குப் பின்னால் போய் நின்று ஒரு கண்ணை மூடினான்.

"ஏ புள்ள, ஒன் வண்டி தலையச் சாச்சு ஒட்டுக்கேக்குற மாதிரி நிக்கிதே."

"என்ன மச்சான் ஒளறுற?"

"இங்கிட்டு வந்து பாரு. வீலு நேரா நிக்கிது. சீட்டு சாஞ்சு கெடக்கு. கால் இஞ்சாவது இருக்கும்."

"சும்மா இரு. ரெண்டு பக்கமும் டேப்பு வச்சு அளந்தேன். ரெண்டும் முப்பது இஞ்சு."

"எதுலேருந்து அளந்த?"

"தரையிலேருந்து."

"எந்தத் தரையிலேருந்து?"

இலக்கியா காலடியில் இருந்த களத்தைப் பார்த்தாள்.

மூன்று வருடத்துக்கு முன் அந்தக் களத்தைப் போட்டவன் முத்துராஜ். மழை பெய்தால் கடலை ஊறிப்போகாமல் தண்ணீர் முருங்கை மரத்துப் பக்கம் ஓட வேண்டும் என்று வாட்டம் வைத்துப் பூசியிருந்தான். எங்கள் பக்கம் எல்லாக் களத்துக்கும் அந்தச் சாய்வு உண்டு. எங்கள் களத்தில் கொஞ்சம் தாராளம். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கிற எங்களுக்கு அது தெரியாததா? ஆனால் ஏழு வாரமும் நினைப்பில் வரவில்லை. இலக்கியா ஃபிரேமைச் செங்கல் மேல் ஏற்றி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு நேராகத்தான் நிறுத்தியிருந்தாள். இருக்கையைத் தாங்கும் வளைந்த குழாயைப் பற்றவைக்கும்போது மட்டும் உயரத்தைத் தரையிலிருந்து அளந்துவிட்டாள். வண்டி நேராக நின்றது. குழாய் களத்தோடு சேர்ந்து சாய்ந்துவிட்டது.

"என் தளத்துல ஒரு சொட்டு நிக்காதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல," முத்துராஜ் நெஞ்சை நிமிர்த்தினான். "இப்ப ஒரு ஃபிட்டரே சர்டிபிகேட் குடுத்துருச்சு."

யாரும் சிரிக்கவில்லை. இலக்கியாவின் முகத்தைப் பார்த்ததும் அவனும் நிறுத்திக்கொண்டான்.

திரும்ப அறுப்பதென்றால் சும்மா இல்லை. அடித்த பெயிண்ட் அந்த இடத்தில் வெந்து உரியும். அந்தக் குழாயை ஏற்கெனவே ஒரு தடவை சுட்டாகிவிட்டது. இரண்டாம் தடவை ஓட்டை விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோக வண்டியே இருக்காது.

அம்மாதான் வழி சொன்னாள். "இதுக்கா இப்பிடி நிக்கிற? தோளு ஒண்ணு எறங்குனவளுக்கு நான் ஜாக்கெட்டு தைக்கறதில்லையா? எறங்குன பக்கம் உள்ளாற பஞ்சு வச்சுத் தச்சா கண்ணாடி முன்னாடி நின்னாலும் தெரியாது. சீட்டக் கழட்டு. அர மணி நேரம்."

எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. முத்துராஜும் தலையாட்டினான். இலக்கியா இருக்கையைக் கழற்றி, அம்மாவிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அது சாமி குடுத்த தோளும்மா. நீ சரிக்கட்டிக் குடுக்குறது நல்லதுதான். இது நான் வச்ச கோணல்."

"சரிடி, அந்தப் பட்டறைக்காரரு சீட்டுக்குள்ள கைய விட்டா பாக்கப் போறாரு?"

"அவரு பாக்க மாட்டாரு. நான்தான ஓட்டணும்."

பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்த அப்பா அங்கிருந்தே கேட்டார். "அறுத்து ஒட்டாமப் போச்சுன்னா?"

"திருப்பூருக்குப் போறேன்ப்பா."

அவர் கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

சனிக்கிழமை காலை அவள் வாடகை வெல்டிங் மெஷினை இழுத்து வைத்து அறுக்க உட்கார்ந்தபோது அப்பாவைக் காணோம். எங்கள் பகுதியில் பகலில் கரெண்ட் மூச்சு வாங்கும். நாலு பேர் பம்ப்செட்டைப் போட்டால் வெல்டிங் நெருப்பு பிடிக்காமல் சிந்தும். முதல் தடவை அதனால்தான் இரண்டு நாள் வீணானது. ஆனால் அன்று நெருப்பு ஒரே சீராக நின்றது. பக்கத்துக் கொல்லை மோட்டார்கூட ஓடவில்லை. சற்று நேரத்தில் அப்பா மொபெட்டில் வந்து இறங்கினார்.

"பன்னெண்டு மணி வரைக்கும் ஒருத்தனும் மோட்டாரு போட மாட்டான். எம்மக வெல்டிங் வைக்குதுன்னு வீடு வீடாச் சொல்லிட்டு வாரேன். நீ நிதானமா வையி ஆத்தா."

'எம்மக வெல்டிங் வைக்குது.' அதைச் சொல்லும்போது அவர் தோளில் துண்டை உதறிப் போட்ட விதத்தை நான் பார்த்தேன். ஏழு வாரத்தில் அவர் அந்த வண்டியைப் பற்றி இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

இந்த முறை இலக்கியா தரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்சக்கரத்தின் ஆக்சிலிலிருந்து இரண்டு பக்கமும் நூல் பிடித்தாள். முத்துராஜ், வீடு கட்டும்போது சுவருக்குப் பிடிக்கிற அதே அக்கறையோடு நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டான். அவன் பேசாமல் இருந்து நான் பார்த்த மிக நீண்ட நேரம் அதுதான். கடைசிப் பற்றவைப்பு ஆறியதும் அவள் முகமூடியைத் தூக்கிவிட்டு அந்த இடத்தைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாள். மணி போலச் சத்தம் வந்தது. பெயிண்ட் முழுசாக அடிக்க நேரமில்லை. பிரஷ்ஷால் கறுப்பு மட்டும் பூசிவிட்டாள். உற்றுப் பார்த்தால் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நான் முதலிலேயே பஸ் ஏறிவிட்டேன். புதுக்கோட்டையில் மாறி, திருச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் ஒரு நாவலைத் திறந்து வைத்திருந்தேன். கீரனூர் தாண்டும் வரை ஒரே பக்கத்தில் இருந்தேன். பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்த எஞ்சினைப் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். ஆனால் பால் கேன்களின் கடகடப்பு இல்லாமல் அது இப்படிப் பாடும் என்று எனக்குத் தெரியாது.

கரும்பச்சை டேங்க் ஜன்னலுக்கு நேராக வந்தது. டேங்கின் மேல் குனிந்து, ஹெல்மெட்டுக்குக் கீழே பின்னல் பறக்க, இலக்கியா ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு போனாள். ஒரு பக்கமும் சாயவில்லை.

"என்ன வண்டி இது, குதிரக்குட்டி மாதிரி!" என்றார் கண்டக்டர். "அட, ஓட்டுறது பொம்பளப்புள்ள!"

நான் எழுந்து நின்றுவிட்டேன். "என் தங்கச்சி. வண்டிய அவதான் செஞ்சா."

"செஞ்சான்னா?"

"வீட்டுலயே. கடலை காயப்போடுற களத்துல."

கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க டிக்கெட் எடுத்துட்டீங்கல்ல?"

ஏர்போர்ட்டைத் தாண்டி ஒரு சந்தில் இருந்தது பட்டறை. நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது சார்லஸ் வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். டேங்கை உள்ளங்கையால் தடவினார். இருக்கையின் தையலை விரலால் எண்ணுவது போலத் தொட்டுக்கொண்டே போனார். அடியில் கைவிட்டுக் குழாயைத் தடவியவர் ஓரிடத்தில் நின்றார்.

"இங்க ரெண்டு தடவ வெட்டிருக்கீங்க."

"ஆமா சார்."

"ஏன்?"

நான் இலக்கியாவின் முகத்தைப் பார்த்தேன். குழாய் பழசு, துருப்பிடித்திருந்தது என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது.

"மொதல்ல தப்பா வச்சுட்டேன் சார். களத்துக்கு வாட்டம் இருந்துச்சு. அத நெனைக்காமத் தரையிலேருந்து அளந்துட்டேன். கால் இஞ்சு சாஞ்சிருச்சு. நேத்துத்தான் கண்டுபுடிச்சு அறுத்து ஒட்டுனேன். பெயிண்டுக்கு நேரம் பத்தல."

"முந்தாநாளு," என்றேன் நான். பதற்றத்தில் வேறொன்றும் வரவில்லை. "கண்டுபுடிச்சது முந்தாநாளு சார். நேத்து ஒட்டுனது."

சார்லஸ் என்னைப் பார்க்கவில்லை. சாவியை வாங்கி, வண்டியை எடுத்துக்கொண்டு சந்தை விட்டு வெளியே போனார். நாங்கள் நின்றோம். உள்ளே வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேரும் கையைத் துடைத்தபடி வெளியே வந்து நின்றார்கள். பத்து நிமிடம் இருக்கும். திரும்பி வரும்போது அவர் ஹேண்டில்பாரை விட்டுவிட்டுக் கைகளைத் தொடையில் வைத்திருந்தார். வண்டி கோடு கிழித்தது போல நேராக வந்தது.

இறங்கியதும் பையன்களிடம், "அந்த ஒட்டுன எடத்த வந்து பாருங்கடா," என்றார். "ரெண்டாவது தடவ சுட்ட கொழாயி. ஒரு ஓட்ட இருக்கா பாருங்க." பிறகு இலக்கியாவிடம் திரும்பினார். "ஒரு வாரம் இது கடை வாசல்ல நிக்கட்டும். வர்றவங்க பாக்கணும்."

"இல்ல சார்."

அவர் புருவத்தைத் தூக்கினார்.

"எங்கப்பா இன்னும் இதுல ஒரு ரவுண்டு போகல. இன்னைக்கு வீட்டுக்குக் கொண்டு போறேன். வேலைக்கு எப்ப வரணும்னு சொல்லுங்க, அன்னைக்கு எடுத்துட்டு வாரேன்."

"நாளைக்கு," என்றார் சார்லஸ். "எட்டரைக்கு. லேட்டா வந்தா உள்ள விட மாட்டேன்."

அவள் "சரி சார்" என்று சொன்ன குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஒரே மிதியில் வண்டியை எழுப்பினாள்.

சார்லஸ் அப்போதுதான் என்னைக் கவனித்தவர் போல, "தம்பி என்ன பண்றீங்க?" என்றார்.

யார் கேட்டாலும் குரூப் ஃபோர் எழுதிவிட்டுக் காத்திருக்கிறேன் என்பதுதான் என் பதில். அன்று அது வாய்க்கு வரவே இல்லை.

"நான் இலக்கியாவோட அண்ணன் சார்," என்றேன்.