மறக்கடிக்க மூன்று நாள்

நான்காவது முறையாக ஜாக்கெட்டுக்குள் வெட்டுத்துணியை மடித்து வைத்துக்கொண்டு தையல்காரி மறுபடி மெஷினில் வந்து உட்கார்ந்தாள். முதல் மூன்றும் நனைந்துபோய் ஒரு பிளாஸ்டிக் பையில் கிடந்தன. வீட்டிலேயே நடத்தும் ஆல்டரேஷன் கடையில் வெட்டுத்துணிக்கா பஞ்சம்? நேற்றுக் காலைதான் குட்டியை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். இரண்டு வருடமும் ஒரு மாதமும் குடித்த தாய்ப்பாலை மூன்று நாளில் மறந்துவிடும் என்பது எல்லாரும் சொன்ன கணக்கு. மார்புக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. தெருவில் யார் வீட்டுக் குழந்தையோ சிணுங்கினால்கூட இதோ வந்துட்டேன் என்று சுரந்தது.

போன வாரம் இன்னொரு குழந்தைக்காக டாக்டரம்மாவைப் பார்க்கப் போனபோது, உள்ளே விடுவதற்கு முன் நர்ஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"நாள் ஏதும் தள்ளிப் போயிருக்காம்மா?"

"வந்தாத்தானே சிஸ்டர் தள்ளிப் போறதுக்கு."

நர்ஸ் சிரித்துவிட்டாள். தையல்காரியும் சேர்ந்து சிரித்துவைத்தாள், ஆனால் அது சிரிக்கிற விஷயமா என்ன? குட்டி பிறந்ததிலிருந்து அவளுக்கு ஒரு மாதம்கூட விலக்கு வரவில்லை. பால் கொடுக்கிறவர்களில் சிலருக்கு அப்படித்தான் என்றார்கள். தேதி என்று ஒன்று இருப்பவள் அது தள்ளிப்போனதா என்று விரல்விட்டுப் பார்க்கலாம், தேதியே இல்லாதவள் எதை வைத்துப் பார்ப்பாள்? விலக்கு திரும்ப வருவதற்கு முன்னாலேயே கரு தங்கிவிடலாம் என்று எங்கோ படித்ததை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை தோறும் ஒரு டெஸ்ட் அட்டை வாங்கிப் பார்த்தாள். சனிக்கிழமை தோறும் ஒரே ஒரு கோடு. அவள் படியேறும்போதே மருந்துக்கடைக்காரர் அட்டையை எடுத்து மேஜைமேல் வைக்கும் அளவுக்கு விஷயம் முற்றிப்போயிருந்தது.

"நீங்க படிச்சது தப்பில்ல," என்றார் டாக்டரம்மா. "பால் குடுக்கறப்பவே கரு நின்னவங்க நிறைய பேர் இருக்காங்க. ஆனா உங்களுக்கு முப்பத்தெட்டு முடியப்போகுது. முதல் குழந்தையே ஒம்பது வருஷம் கழிச்சு, மாத்திரை குடுத்துதானே வந்துச்சு? பால் குடுத்துட்டிருக்கும்போது நான் அந்த மாத்திரையை ஆரம்பிக்க மாட்டேன். மறக்கடிச்சுட்டு வாங்க, பாக்கலாம்."

மறக்கடிப்பது. எத்தனையோ தடவை காதில் விழுந்த வார்த்தைதான், அன்றைக்குத்தான் சுருக்கென்றது. நிறுத்துவது என்று சொல்லியிருக்கலாம், விடுவது என்று சொல்லியிருக்கலாம். மறக்கடிப்பது என்று இதற்குப் பேர் வைத்தவள் நிச்சயம் பெற்றவளாக இருக்க முடியாது.

உனக்குத்தான் ஒன்று இருக்கிறதே, அப்புறம் என்ன என்று அவளையே அவள் கேட்டுப் பார்த்ததுண்டு. குட்டியைச் சுமந்த மாதங்கள் முழுக்க அவளுக்குப் பயம் ஒன்றுதான் நினைவிருக்கிறது. வயிற்றைத் தொட்டால் பயம், தொடாவிட்டால் பயம், குழந்தை உதைத்தால் பயம், உதைக்காவிட்டால் ஆஸ்பத்திரி. ஒரே ஒரு தடவை பயமில்லாமல் சுமந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. வயிறு பெருத்தபோது பிரித்துவிட்ட சுடிதார்களை இன்னும் அவள் பிடித்துத் தைக்கவில்லை. ஊரார் துணியை அன்றன்றைக்கே முடித்துக் கொடுப்பவளுக்கு இதற்கு மட்டும் நேரமே கிடைக்கவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, நீங்க கவலையே படாதீங்க. நேத்து மட்டும்தான் ஒரே ஆர்ப்பாட்டம். இன்னிக்கு ஒரு வார்த்தை சொன்னேன், கப்சிப். பாச்சின்னு வாயே திறக்கல."

"அப்படி என்ன சொன்னே?"

"அதெல்லாம் சொல்ற விதத்துல சொல்லணும் அண்ணி," என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

தையல்காரி கையிலிருந்த பாவாடையின் ஓரத்தை அடிக்கப் போய் இடுப்பை அடித்துவிட்டாள். பிரித்து மறுபடி அடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

மூன்றாம் நாள் மத்தியானம் புருஷன் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். இந்தக் கட்டிடத்து லிஃப்டும் அவன் கைதான் என்பதால், நாலாவது மாடிக்கு அது ஒழுங்காக வந்து நின்றாலே பெருமையோடுதான் கதவைத் தட்டுவான். குட்டி இறங்கியதும் ஓடிவந்து மேலே விழும் என்று தையல்காரி கையை விரித்தாள். குட்டி விழவில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு நேரே உள்ளே போயிற்று. கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தது. திரைச்சீலையை விலக்கியது. வாஷிங் மெஷின் மூடியைத் தட்டியது.

மறந்துதான் போய்விட்டது என்று நினைத்தாள். ஜெயித்த மாதிரியும் இருந்தது, எதையோ பறிகொடுத்த மாதிரியும் இருந்தது.

"என்னடி தேடறே?"

"தம்பிப்பாப்பா."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"எல்லாம் என் தங்கச்சி பண்ண வேலை. பாச்சி இனிமே உனக்கில்ல, தம்பிப்பாப்பாவுக்கு, வீட்ல பாப்பா வந்திருக்கும்னு சொல்லியிருக்கா. வழியெல்லாம் இதே பேச்சு. இல்லன்னு சொன்னா கேக்க மாட்டேங்குது."

குட்டி வந்து அவள் மடியில் ஏறியது. ஜாக்கெட்டின் ஈரத்தில் உள்ளங்கையை வைத்தது. அவளுக்கு உயிரே அங்கே வந்து நின்றது. கேட்டால் கொடுத்துவிடுவாள், மாத்திரையாவது மண்ணாங்கட்டியாவது. குட்டி கேட்கவில்லை.

"பாப்பா குடிக்கலியா?"

"இல்லடா செல்லம்."

"பசிக்குமே," என்றது குட்டி, கவலையாக.

மடியிலிருந்து வழுக்கி இறங்கி வாசலுக்குப் போய்க் கதவைப் படபடவென்று தட்டியது. "அம்மா, திற. பாப்பா வெளிய நிக்குது."

"குட்டி, இங்க வா. சொன்னாக் கேளு," என்றான் அவன்.

தையல்காரி எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

வெளியே யாரும் இல்லை. எதிர்வீட்டுச் செருப்புகள், மூலையில் ஒரு துடைப்பம், மூடிய லிஃப்ட் கதவு. குட்டி அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது. கீழே யாரோ ஏறிப் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும், லிஃப்ட் முனகிக்கொண்டு மேலே கிளம்பியது. கதவுக்கு மேல் சிவப்பாக ஒரு எண் எரிந்தது. அப்பா சொல்லிக்கொடுத்த எண்கள் குட்டிக்குத் தெரியும்.

"ஒண்ணு."

இரண்டாவது மாடிக்காரர் சாப்பிட வருகிற நேரம் இது. தையல்காரிக்கு அது நன்றாகத் தெரியும். இருந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜாக்கெட் முழுக்க நனைந்துவிட்டது.

"ரெண்டு," என்றது குட்டி.

லிஃப்ட் நிற்கவில்லை.

"மூணு."