மேனேஜருக்கு நாலரை யூனிட்

எங்கள் வீட்டுப் பூனைக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது நான்தான். ஒரு வேலையும் செய்யாது. யார் என்ன வேலை செய்தாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மேற்பார்வை மட்டும் பார்க்கும். பதினொரு வயதில் அதற்குச் சர்க்கரை வந்தது. கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தது, தின்னத் தின்ன இளைத்தது. டாக்டரம்மா காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "நானூத்தி அறுபது இருக்கு, தினம் ரெண்டு வேளை இன்சுலின் போடணும்" என்றார். என் வீட்டுக்காரர் உடனே சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினார்.

இவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருடம் கடை கடையாக ஏறி, தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்தியவர். ரிட்டயர் ஆன பிறகு சோதிக்க ஆள் கிடைக்காமல் என்னைச் சோதித்துக்கொண்டிருந்தார். சோப்பு ஏன் நாலு நாள் முன்னாடியே தீர்ந்தது, காப்பித்தூளை ஏன் குவித்துப் போடுகிறாய் என்று நாள் முழுக்க விசாரணைதான். மேனேஜருக்குச் சர்க்கரை வந்ததும், சொல்லக் கூடாது, மனிதருக்கு உயிர் வந்தது.

காலை ஆறு, மாலை ஆறு. முதலில் காதில் குத்தி அளவு பார்ப்பது, பிறகு சாப்பாடு, பிறகு ஊசி. டின் தீவனம் வேளைக்கு எழுபது கிராம். பால், பிஸ்கட் பக்கத்திலேயே வரக் கூடாது. ஒரு யூனிட்டில் ஆரம்பித்து ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, இறங்கவில்லை என்றால் தன்னைக் கேட்டுக்கொண்டு அரை யூனிட் கூட்டலாம் என்று டாக்டரம்மா சொன்னார். ஊசி போடுவதற்கு முன்னால் நூற்றைம்பதுக்குக் கீழே இருந்தால் போடாமல் போன் செய்ய வேண்டும். இவர் ஒன்றையும் மீறவில்லை. தீவனத்தை மின்தராசில் வைத்து ஒரு கிராம் கூடினாலும் முள்கரண்டியால் கிள்ளி எடுப்பார். ஊசியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மருந்து சரியாகக் கோட்டில் நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். துளிக் காற்று தெரிந்தாலும் சுண்டிவிட்டு மறுபடி இழுப்பார். மேனேஜர் அதையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

நான் குழந்தைகள் காப்பகத்தில் பத்தொன்பது வருடம் ஆயாவாக இருந்தவள். அழுதால் ஊட்டு, முகத்தைத் திருப்பினால் நிறுத்து. அதுதான் என் படிப்பு. எந்த அழுகை பசி, எந்த அழுகை தூக்கம், எது வெறும் பிடிவாதம் என்று பக்கத்து அறையில் இருந்தே சொல்வேன். அளந்து ஊட்டிப் பழக்கமில்லை.

மதியம் மூன்று மணிக்கு இவர் குறட்டை விடும் நேரத்தில் மேனேஜர் சமையலறை வாசலில் வந்து நின்று கத்தும். அது பசி. நோய்க்குள்ளேயே இருக்கிற பசிதான், ஆனாலும் பசி. மூன்று நாள் காதைப் பொத்திக்கொண்டேன். நாலாவது நாள் மனசு கேட்கவில்லை. ஒரு பிஸ்கட்டைப் பாலில் ஊறப்போட்டு வைத்தேன். ஒரு வாய்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்ததோடு காரியம் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்தது.

காலையில் முந்நூற்றிருபதுக்கு இறங்கியிருந்தது சாயங்காலம் முந்நூற்றெண்பது. அடுத்த நாள் நானூறு. "எடை போட்டுத்தானே குடுக்கிறேன், எப்படி ஏறுது?" என்று இவர் மண்டையை உடைத்துக்கொண்டார். மீட்டர்மேல் சந்தேகப்பட்டு இன்னொரு மீட்டர் வாங்கினார். மருந்தைப் பிரிட்ஜின் கதவிலிருந்து உள்தட்டுக்கு மாற்றினார். சனிக்கிழமைதோறும் டாக்டரம்மாவுக்குப் போனில், நோட்டில் குறித்து வைத்த எல்லா எண்ணையும் வாசித்துக் காட்டுவார். அந்த அம்மாவும் எண்ணைப் பார்த்துத்தானே சொல்ல முடியும்? ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்று மருந்து ஏறிக்கொண்டே போனது.

எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு வருடம் கடைக்காரர்களின் கள்ளத் தராசைப் பிடித்த மனிதரிடம், உங்கள் சமையலறையிலேயே கள்ளம் நடக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வது? நாளையிலிருந்து நிறுத்திவிடலாம், நிறுத்திவிட்டால் சொல்லவே வேண்டாம் என்று தினமும் நினைத்தேன். ஆனால் மருந்து ஏற ஏற அது இன்னும் அதிகமாகக் கத்தியது. நானும் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். ஏழு வாரத்தில் நாலரை யூனிட்டில் வந்து நின்றது.

அந்தச் சமயம் பார்த்து என் அக்காவுக்குக் கண் ஆபரேஷன். சனிக்கிழமை காலை கிளம்பிப் போனேன். இரண்டே நாள் என்று நினைத்தேனே தவிர, அந்த இரண்டு நாளும் மூன்று மணிக்குப் பால் கிடையாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. இவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டு வருஷக்கணக்காகிறது.

"நூத்தி எழுபது! முதல் தடவையா இருநூறுக்குள்ள வந்திருக்கு. மருந்து பிடிச்சிடுச்சு."

பால் நின்றதால் இறங்கியது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "இன்னிக்குக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்களேன்" என்றேன்.

"எதுக்கு? நூத்தம்பதுக்குக் கீழ போனாதான் கேக்கச் சொன்னாங்க. இப்பதான் ஒரு வழிக்கு வந்திருக்கு, நீ கெடுக்காதே."

"இல்லங்க..."

"என்ன இல்ல?"

கண்ணில் கட்டோடு படுத்திருந்த அக்கா, "என்னடி ஆச்சு?" என்றாள். ஒண்ணுமில்ல என்று இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. வெட்கம், வேறென்ன.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மறுபடி போன். "இழுத்துக்கிட்டுக் கிடக்கு. இருபத்தெட்டு காட்டுது. நான் சரியாத்தானே போட்டேன்? கோட்டுலதானே நின்னுச்சு?" என்று என்னைக் கேட்டார்.

"சர்க்கரையைக் கரைச்சு ஈறுல தடவுங்க. டாக்டர்கிட்ட ஓடுங்க" என்று கத்தினேன்.

நான் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது மேனேஜர் காலில் குழாயோடு மேஜைமேல் கிடந்தது. கண் இரண்டும் விரியத் திறந்திருந்தன. டாக்டரம்மா முகத்துக்கு நேராகக் கையை வீசிக் காட்டினார். அது இமைக்கவில்லை.

"பார்வை திரும்பலாம், திரும்பாமயும் போகலாம். கிட்னியும் ரொம்ப மோசமா இருக்கு" என்றவர், இவருடைய நோட்டைத் திருப்பிப் பார்த்தார். "ஏழு வாரமா எதுக்கும் அசையல, ரெண்டே நாள்ல இப்படி விழுந்திருக்கு. வெளிச் சாப்பாடு ஏதாவது போச்சா?"

"போகாது டாக்டர். என் வீட்ல எடை தப்பாது" என்றார் இவர். அத்தனை நிச்சயமாகச் சொன்னார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "நான் குடுத்தேன். தினமும் மூணு மணிக்குப் பாலும் பிஸ்கட்டும். ஊருக்குப் போன நாள்லருந்து இல்ல" என்றேன்.

டாக்டரம்மா நோட்டை மூடினார். இவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபடி ஒரு யூனிட்டில் ஆரம்பித்து வாரா வாரம் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. "ஆனா சரியான அளவு பிடிபடுற வரைக்கும் இது தாங்குமான்னு தெரியலை" என்று இவரிடம் மெதுவாகச் சொன்னார். வீட்டில் மேனேஜர் சுவரோடு ஒட்டி ஒட்டி நடந்தது. நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டு அங்கேயே நின்றது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு இவர் மூன்று நாளில் முதல் முறையாக என்னோடு பேசினார்.

"இங்க வா. தினம் எவ்வளவு பால் ஊத்துவே? அதைச் சொல்லு. அதுக்குத் தக்க மருந்தைக் கழிச்சுட்டா சரியான அளவு கிடைச்சிடும். ஏழு வாரம் காத்திருக்க வேண்டாம்." கண்ணில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. மின்தராசை இழுத்துப் போட்டு, கிண்ணத்தை வைத்து, ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார். "பாலுன்னு நினைச்சு ஊத்து."

ஊற்றினேன். அறுபது.

"மறுபடி ஊத்து."

தொண்ணூற்றைந்து.

கிண்ணத்தைக் கொட்டிவிட்டுத் துடைத்து வைத்தார். "அவசரப்படாதே. எப்பவும் எப்படி ஊத்துவியோ அப்படி."

மெதுவாக ஊற்றினேன். நாற்பது.

"எது சரி?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க. நான் அளந்ததே இல்ல. அது கத்துறதைக் கேட்டு ஊத்துவேன். ஒரு நாள் ஒரு பிஸ்கட், ஒரு நாள் மூணு."

அவர் தராசை அணைத்தார். தண்ணீரைத் தொட்டியில் கொட்டினார். ஆறு மணி ஆகிவிட்டது. அவர் பிரிட்ஜைத் திறக்கவில்லை.

நானே மருந்தை எடுத்தேன். ஒரு யூனிட் இழுத்துக் காட்டினேன். "பாருங்க, கோட்டுல நிக்குதா?"

"நின்னா என்ன" என்றார்.

அப்போது மேனேஜர் கத்தியது. சமையலறை வாசல் என்று நினைத்துக்கொண்டு கூடத்துச் சுவரைப் பார்த்து நின்று, விட்டு விட்டுக் கத்தியது. ஊசியைப் பிடித்தபடி நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"பசியா, வலியா?" என்றார் இவர். "உனக்குத் தெரியுமே. சொல்லு."

எனக்குத் தெரியவில்லை.