ஐந்தாவது கை

“அப்போ, எங்கேயும் ஒட்டு இல்லைன்னு சொல்றீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லலை சார். நீங்களே பார்த்துச் சொல்லுங்க,” என்றாள் அக்கா.

சேகரிப்பாளர் சங்கத் தலைவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். எங்கள் கூடத்து அலமாரியில் கிரேக்கப் புராண வீரர்கள் ஒன்பது பேர் நிற்கிறார்கள். எல்லாரும் நூறு வயதைத் தாண்டிய பீங்கான் பொம்மைகள். அக்கா பதினாறு வருடமாகத் தேடிச் சேர்த்தவர்கள். சிறகுச் செருப்புக்காரன், காளைத்தலையனைக் கொன்றவன், இப்படி. தலைவர் கையில் இருந்தவன் சிங்கத்தோல் போர்த்தியவன். ஆண்டுக் கண்காட்சியின் நடுப்பெட்டிக்கு அவனைக் கேட்டு வந்திருந்தார். பழுதில்லாத பொம்மைக்கு மட்டுமே அங்கே இடம்.

கதாயுதம் ஓங்கிய வலக்கையைத் தம் முன்பல்லில் மெல்லத் தட்டினார். பழைய சேகரிப்பாளர்களின் சோதனை அது. பிசினில் செய்த ஒட்டுக்கை என்றால் மொத்தென்று இருக்கும். பீங்கான் என்றால் கிண்ணென்று பதில் சொல்லும். சொன்னது.

“இந்த நரம்பைப் பாருங்கம்மா, இந்த நகத்தைப் பாருங்க. இப்போ யாருக்கு இப்படிச் செய்ய வரும்?”

வாங்கியபோது அந்த வீரனுக்கு வலக்கையே கிடையாது. அக்காவுக்கு, பல் மருத்துவர்களுக்குப் பீங்கான் பல் செய்து தரும் லேபில் வேலை. பக்கத்துப் பல்லோடு பொருந்த வெள்ளையிலேயே இருபது வெள்ளை கலப்பவள். அவள் செய்த முதல் கை சூளையில் சுருங்கிக் குழந்தைக் கையானது. வீரன் மிட்டாய் கேட்கிறான் என்று கேலி செய்தேன். ஐந்தாவது கைதான் தோள்வளைக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

தலைவர் வருவதற்கு முன்பே அவளிடம் சொல்லி வைத்திருந்தேன்: வாயைத் திறக்காதே, நடுப்பெட்டி நம்முடையது. சரி என்றுதான் தலையாட்டினாள்.

அவர் படிவத்தில் ‘பழுதில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடக் குனிந்தார். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. போச்சு, சொல்லப்போகிறாள் என்று தெரிந்தது. நான் தடுத்திருக்கலாம். ஏனோ தோன்றவில்லை.

“கொஞ்சம் நிறுத்துங்க சார். அந்தக் கை நான் செஞ்சது.”

அவர் நம்பவில்லை, மறுபடியும் பல்லில் தட்டிப் பார்த்தார். அக்கா உள்ளே போய், தோற்ற நான்கு கைகளையும் பஞ்சுப் பெட்டியோடு கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். ஒவ்வொன்றாக எடுத்து அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அலமாரியின் பத்தாவது வீரன் மாதிரி நின்றாள்.

“நடுப்பெட்டியிலயே வைங்க சார். கீழே அட்டையில, வலக்கை செஞ்சது இன்னார்னு என் பேரையும் போடுங்க.”