குதிரைக் காசில் ஓர் ஆடு

பன்னிரண்டு பிராணிகளின் பெயரில் சுற்றி வரும் சீன ஆண்டுகளில், குதிரை ஆண்டுக்காக வெளியிட்ட எட்டு கிராம் தங்கக் காசில், குதிரை நிற்க வேண்டிய இடத்தில் ஒரு செம்மறியாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. காசைக் கொண்டுவந்தவர் லுவான் தெச்செங், ஷென்யாங் நகரத்துக் கடைசல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூதக்கண்ணாடி வழியாக அதைப் பார்த்தவள் கெங் சூமெய், காசுகளைப் பரிசோதித்துச் சான்றிதழ் எழுதும் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவள். அவள் பதறவில்லை. பருத்திக் கையுறையோடு விளிம்பைப் பிடித்து எடை போட்டாள், விட்டம் அளந்தாள், இரண்டு பக்கமும் படம் எடுத்தாள். தங்கம் சுத்தம், அச்சு அசல், வருடமும் சரி. பிராணி மட்டும்தான் வேறு.

"மேடம், குதிரைன்னு எழுதிக் குடுத்துடுங்க, புண்ணியமாப் போகும். அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையோட அம்மா காசையும் சான்றிதழையும் பாத்தே ஆகணும்னு நிக்கிறாங்க."

"கண்ணால பாக்குறதைத்தான் எழுதுவேன். இது ஆடுங்க."

"வாங்கும்போது குதிரைதான். பொண்ணு பேச ஆரம்பிச்ச மாசம் இதுக்குக் கொம்பு முளைச்சுது. அப்புறம் ரோமம். நான் தேயிலை டப்பாவுல போட்டு மூடி வச்சிட்டேன்."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மிச்சத்தையும் அவரே சொன்னார். ஆட்டு ஆண்டின் முதல் நாள் விடியலில், ஊரெல்லாம் பட்டாசு வெடிக்கும்போது, மகள் ருயிங் பிறந்தாள். ஐந்தாம் நாள் அவள் அம்மா போய்ச் சேர்ந்தாள். ஆட்டு ஆண்டில் பிறந்த பெண் ராசியில்லாதவள் என்று சொல்லும் ஊர் அது. தாயை விழுங்கியவள் என்று சொல்ல அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? தெச்செங் பிறப்பைப் பதியப் போனபோது ஒரே ஒரு நாள் முன்னதாக, குதிரை ஆண்டின் கடைசி நாளில் பிறந்ததாக எழுதினார். குழந்தை குதிரை ஆண்டுக்காரி ஆனாள். அந்தப் பொய்க்குக் காவலாகத்தான் இந்தக் காசை வாங்கினார்.

சூமெயும் ஆட்டு ஆண்டுக்காரிதான். அவளுக்கு வந்த முதல் இரண்டு சம்பந்தமும் அதனாலேயே தட்டிப்போயின. எழுதிக் கொடுத்துவிடலாம் என்று மனம் இளகிப் பேனாவை எடுத்தாள். 'கு' என்று தொடங்கியதும் ஆடு அசைபோடுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தது. கூப்பிட்டால் வரலாமா என்று கேட்கிற குழந்தை மாதிரி இருந்தது அந்தப் பார்வை. அவளால் முடியவில்லை. தாளைக் கிழித்துவிட்டு, பிராணி என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுப் புதிதாக ஒன்று எழுதினாள். அடுத்த வாரம் வரச் சொன்னாள். அதுவரை தன் மதியச் சாப்பாட்டிலிருந்து வெங்காயத்தாள் கிள்ளிக் காசின் பக்கத்தில் வைத்தாள். எடை தினமும் கொஞ்சம் கூடியது. அதையும் பதிவேட்டில் தேதி போட்டுக் குறித்தாள்.

அடுத்த வாரம் தெச்செங்கோடு ருயிங்கும் வந்துவிட்டாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள், சீருடையைக்கூட மாற்றவில்லை. அப்பா தடுப்பதற்குள் குனிந்து காசைப் பார்த்தாள். தெச்செங்குக்கு முகம் வெளுத்துவிட்டது. அவளோ சிரித்தாள்.

"ஆடுன்னே எழுதுங்கக்கா."

"ஏய், உனக்கெப்படி..."

"அப்பா, அவங்கவங்க பொறந்த ஆண்டு திரும்பி வந்தா கெட்டது அண்டக்கூடாதுன்னு சிவப்புச் சாக்ஸ் போடுவாங்க. குதிரை ஆண்டுல எனக்கு வாங்கிக் குடுத்தே, சரி. அதுக்கு அடுத்து வந்த ஆட்டு ஆண்டுலயும் எதுக்கு வாங்கிக் குடுத்தே?"

"பழசு கிழிஞ்சுபோச்சுன்னு..."

"பன்னெண்டு வருஷம் கழிச்சு மறுபடியும் அதே மாதிரி ரெண்டு தடவை வாங்கினியே, அப்பவும் கிழிஞ்சுதா? கோட்டுக்குள்ள சிவப்பு நூல் தச்சு வச்சியே, அதுவும் கிழிஞ்சுதா? எனக்குப் பன்னெண்டு வயசுலயே தெரியும்ப்பா. நீ மறைக்கணும்னு நினைச்சே, அதனால நானும் மறைச்சேன். அம்மா போனதுக்கு என்னை யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாதுன்னுதானே?"

தெச்செங் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு, இருபத்தேழு வருடமாக அழாததை எல்லாம் அழுதார். காசிலிருந்த ஆடு எழுந்து, அவர் குரல் வந்த பக்கம் திரும்பி நின்றது. சூமெய் 'பிராணி: ஆடு' என்று எழுதி முத்திரை குத்தினாள். காசைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடும் முன், தன் வேலைக் காலத்தில் செய்யாத ஒன்றைச் செய்தாள்: மூச்சு விட ஊசியளவு துளை போட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா சான்றிதழை மூன்று முறை படித்தார், காசை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு இது என்ன தின்னும் என்று கேட்டார். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. வருடாவருடம் வெயில் ஏறியதும் ருயிங் காசைச் சூமெயிடம் கொண்டுவந்து எடை போட்டுவிட்டுப் போவாள். ரோமம் கத்தரித்த பிறகு அது மறுபடி சரியாக எட்டு கிராமுக்கு வந்துவிடும். அடுத்த குதிரை ஆண்டு வந்தபோது தெச்செங் சாக்ஸ் கடைப்பக்கமே போகவில்லை. அதற்கடுத்து ஆட்டு ஆண்டு பிறந்ததும், பட்டப்பகலில், அக்கம்பக்கத்தார் எல்லாரும் பார்க்க, மகளுக்கு ஒரே ஒரு ஜோடி சிவப்புச் சாக்ஸ் வாங்கிக்கொண்டு நடந்து வந்தார்.