நிறுத்துவது எப்படி

குராமொச்சி தம்முடைய கட்டுரைத் தொகுப்பை இறந்தவரின் கைக்கடியில் செருகப் பார்த்தார். ஐந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், கெட்டி அட்டை. சவப்பெட்டிக்குள் பரப்பியிருந்த வெள்ளைச் செவ்வந்திகள் நசுங்கின.

"மன்னிக்கணும் ஐயா," என்றாள் ஈமச்சடங்கு மண்டபத்துப் பணிப்பெண். "தடிப் புத்தகம் உள்ள வைக்கக்கூடாது. எரியாது. நடுப்பக்கமெல்லாம் அப்படியே நின்னுடும்."

"என் புத்தகம் எரியாதா?" அவர் குரலில் வருத்தத்தைவிடப் பெருமைதான் கூடுதலாக இருந்தது.

"அட்டையைக் கிழிச்சிட்டு, கொஞ்சமாப் பிரிச்சுக் குடுத்தா வைக்கலாம்."

குராமொச்சி நகர இலக்கிய வட்டத்தின் தலைவர். பதினெட்டு வருஷமாக அவர்தான். எதிர்த்து நிற்க யாரும் துணிந்ததில்லை, விரும்பியதும் இல்லை. கொஞ்ச நேரம் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெருமூச்சோடு முன்னுரையை மட்டும் கிழித்துக் கொடுத்தார். அது வேறொருவர் எழுதியது.

பெட்டியை மூட இன்னும் இருபது நிமிடம் இருந்தது. இறந்தவரின் மகள் ஓரியேவுக்கு நிலைகொள்ளவில்லை. அப்பாவின் தோளருகே ஒரு பூவை வைத்தாள், எடுத்தாள், காலருகே வைத்தாள், மறுபடி எடுத்தாள். அவருடைய நெஞ்சின் மேல் ஒரு நோட்டு இருந்தது. பள்ளிப்பிள்ளைகள் வாங்கும் நீல அட்டை நோட்டு. அட்டையில் அப்பாவின் நேர்க்கோட்டுக் கையெழுத்தில், 'நிறுத்துவது எப்படி'.

நேற்று மாலை குராமொச்சி, "கடைசியா எழுதின கையெழுத்துப் பிரதி ஏதாச்சும் இருக்காம்மா?" என்று கேட்டபோது, மேஜை இழுப்பறையிலிருந்து அதை எடுத்து அப்படியே கொடுத்தவள் ஓரியேதான். அவள் பிரித்துப் பார்க்கவில்லை. அவரும் அட்டைக்கு மேல் போகவில்லை என்பது இன்று காலை இரங்கலுரையில் தெரிந்தது.

"ஆசையை நிறுத்துவது எப்படி? அகந்தையை நிறுத்துவது எப்படி? நம் இசாவோ நம்மைக் கேட்கிறார்!" என்று தொடங்கியவருக்குத் தம் பேச்சை நிறுத்துவது எப்படி என்று தெரிய இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இசாவோ யாரையும் எதுவும் கேட்டதில்லை. முப்பத்தொரு வருஷம், சோறு வடிக்கும் மின்சாரப் பானையின் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளை எழுதியவர். 'மூடியை அழுத்தவும். ஆவித் துளையை அடைக்க வேண்டாம்.' அதில் எழுதியவர் பெயர் இருக்காது. ஓய்வு பெற்றபின் இலக்கிய வட்டத்தில் சேர்ந்தார். மாதாமாதம் ஒரு கட்டுரை வாசிப்பார். மாதாமாதம் குராமொச்சி ஒரே தீர்ப்பைச் சொல்வார்: "எல்லாம் தெளிவா இருக்கு. அதான் குறை."

ஆறாம் வகுப்பில் ஓரியே, எங்க அப்பா எழுத்தாளர் என்று பெருமையடித்தாள். புத்தகம் கொண்டு வா என்றார் ஆசிரியை. பானைப் பெட்டியிலிருந்த தாளைக் கொண்டு போனாள். வகுப்பு சிரித்த சிரிப்புக்குப் பிறகு அப்பா எழுதிய ஒரு வரியைக்கூட அவள் படிக்கவில்லை.

இப்போது குனிந்து, நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

'குளியல் தொட்டி பாய்லரை நிறுத்துவது எப்படி. கதவுக்கு இடப்பக்கம் நில், சிதோசே. உனக்கு வலது தோள் வலிக்கும். இடது கையால் சிவப்புப் பொத்தானை அழுத்தவும்.' அந்தக் கடைசிச் சொல்லை அடித்துவிட்டு மேலே எழுதியிருந்தார்: 'அழுத்து.' அதற்குக் கீழே, 'சத்தம் அடங்கும்வரை எண்ணு. ஏழில் அடங்கும். அடங்காவிட்டால் பயப்படாதே. பதினொன்று வரை பொறு.'

பக்கத்துக்குப் பக்கம் அடித்தல், திருத்தல். பக்கத்துக்குப் பக்கம் அம்மாவின் பெயர். வாயால் அவர் அந்தப் பெயரைச் சொல்லி ஓரியே கேட்டதில்லை. வீட்டில் அம்மாவுக்குப் பெயர் 'ஏய்'.

அவள் நோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டாள்.

"என்னம்மா பண்றே!" குராமொச்சி பதறினார். "எழுத்தாளனோட கடைசிப் படைப்பு அவனோட போகணும். எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேனே நான்!"

"இது பாய்லரைப் பத்தி எழுதினது, ஐயா."

"அது உருவகம்மா."

ஓரியே முன்வரிசைக்குப் போனாள். கறுப்பு கிமோனோவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அம்மாவின் முன்னால் மண்டியிட்டாள். "அம்மா, இது உனக்காக எழுதினது. தெரியாம எரிக்கக் குடுத்துட்டேன். இது இல்லாம நீ எப்படி..."

"மெதுவாப் பேசுடி," என்றாள் சிதோசே. "நாப்பத்துநாலு வருஷமா அந்த வீட்டுல வெந்நீர் போடறது யாரு? உங்கப்பாவுக்குப் பொத்தான் எந்தப் பக்கம்னே தெரியாது. டார்ச் அடிச்சுத் தேடித்தான் எழுதினார்."

"அப்புறம் எதுக்கு?"

"டாக்டர் ஆறு மாசந்தான்னு சொல்லிட்ட அன்னிக்கு எழுத உட்கார்ந்தார். முதல் பக்கம் முடிச்சு, செஞ்சு பாருன்னார். நான் செஞ்சிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். புரியலன்னேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "மூஞ்சி எப்படி மலர்ந்துச்சுங்கறே! திட்டிக்கிட்டே திரும்ப எழுதினார். மறுநாளும் புரியலன்னேன். பொத்தானை விட்டுட்டு வேணும்னே குழாயத் திருகுவேன். பக்கத்துலயே நின்னு என் கையப் பார்ப்பார். அப்படியெல்லாம் பார்த்ததே இல்ல அவரு."

"எத்தனை தடவைம்மா?"

"ஆறு மாசம் பத்து மாசமாச்சு."

பணிப்பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு ஆட்கள் மூடியைத் தூக்கினார்கள். ஓரியேவின் கை நோட்டை இறுக்கிப் பிடித்தது. அம்மாவுக்கு இது தேவையில்லை என்றால் இதை வைத்துக்கொள்ள என்ன காரணம் சொல்வது? எனக்கு வேண்டும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷத்தில் அப்பா எழுதியதில் ஒரு வரி படித்தவளா அவள்?

"குடும்மா," குராமொச்சி கையை நீட்டினார். "இது ஒல்லி. நல்லாவே எரியும்."

சிதோசே எழுந்தாள். மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நோட்டை வாங்கிக்கொண்டு பெட்டியருகே போனாள். குராமொச்சி வழிவிட்டுத் தலை தாழ்த்தினார். ஓரியே கண்ணை மூடிக்கொண்டாள். தாள் புரளும் சத்தம் கேட்டுத் திறந்தாள்.

அம்மா ஒரு பக்கத்தைப் பிரித்து, ஒரு வரியில் விரல் வைத்து, அப்பாவின் முகத்தருகே குனிந்திருந்தாள்.

"இங்க பாருங்க," என்றாள், காது மந்தமானவரிடம் பேசுவதுபோல உரக்க. "இந்த இடம் எனக்கு இன்னும் புரியல."

மூடியைத் தூக்கிய இருவரும் தூக்கியபடியே நின்றார்கள். சிதோசே அந்த வரியிலிருந்து விரலை எடுக்கவில்லை.