திரும்பி வந்த பாஸ்வேர்ட்

அந்த ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் அவள் ரிப்போர்ட் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர் அவள் அக்கா புருஷன். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான், அந்த வேலைக்கு உலை வைத்தவரும் அவர்தான்.

ஒரு நோயாளியின் ரிப்போர்ட், அந்த நோயாளி வேலை பார்த்த கம்பெனி மேனேஜரின் கைக்குப் போய்விட்டது. அதிலிருந்த வியாதியைச் சாக்காக வைத்து அந்த நோயாளியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். விசாரித்தால், ரிப்போர்ட்டை வெளியே அனுப்பியது கம்ப்யூட்டரில் இவளுடைய பெயரில் உள்ளே நுழைந்தவர்.

"நான் அனுப்பல டாக்டர். யாரோ என் பாஸ்வேர்டைப் போட்டு உள்ள போயிருக்காங்க" என்றாள்.

பரிசோதனைக்கூடத்தை நடத்தும் பெரிய டாக்டரம்மா அத்தானைப் பார்த்தார். அத்தான் ரொம்ப வருத்தப்படுகிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"பாஸ்வேர்டை எல்லாம் ஹாஷ் பண்ணித்தான் வெச்சிருக்கோம் மேடம். கோதுமையை அரைச்சு மாவாக்குற மாதிரி. மாவைத் திரும்பக் கோதுமையாக்க யாராலயும் முடியாது. ஒருத்தர் உள்ள வரும்போது அவங்க அடிக்கறதையும் அதே மாதிரி அரைச்சு, ரெண்டும் ஒண்ணான்னு மட்டும் பார்ப்போம். நான் நினைச்சாக்கூட இவ பாஸ்வேர்டைப் படிக்க முடியாது. தெரிஞ்சது இவ ஒருத்திக்குத்தான்."

மச்சினிக்கு எதிராகவே பேசுகிறாரே, எவ்வளவு நேர்மையான மனுஷன் என்று எல்லாரும் மெச்சினார்கள். அன்றைக்கே அவள் வேலை போயிற்று. "என் புருஷன் மானத்தை வாங்கிட்டியேடி" என்று அக்கா பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

அவளுக்கு அன்று ஹாஷ் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் அத்தான் பொய் சொல்கிறார் என்று மட்டும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கம்ப்யூட்டர் படிப்பையே படித்தாள். பாடம் மனதில் நிற்காத நாட்களில் அத்தானின் அந்த வருத்த முகத்தை நினைத்துக்கொள்வாள். உடனே நிற்கும்.

மூன்று வருஷம் கழித்து அம்மாவுக்குச் சர்க்கரை டெஸ்ட். அதே பரிசோதனைக்கூடம். ரிப்போர்ட்டைப் பார்க்க அம்மாவுக்குப் பாஸ்வேர்ட் ஞாபகமில்லை. 'மறந்துவிட்டதா?' என்று இருந்த இடத்தைத் தட்டினாள். ஈமெயில் வந்தது. 'உங்கள் பாஸ்வேர்ட்: ennamo123'.

"அதேதான்! என்னமோன்னுதான் வெச்சேன்" என்றாள் அம்மா.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாவு எப்படிக் கோதுமையாகித் திரும்பி வந்தது?

மறுநாள் காலையிலேயே பெரிய டாக்டரம்மாவின் அறையில் நின்றாள். அத்தானையும் கூப்பிடச் சொன்னாள்.

"டாக்டர், ஹாஷ் பண்ணியிருந்தா பழைய பாஸ்வேர்டைத் திருப்பி அனுப்பவே முடியாது, புதுசு வெச்சுக்கச் சொல்லத்தான் முடியும். இது என்கிரிப்ஷன். பெட்டியில வெச்சுப் பூட்டற மாதிரி. சாவி இருக்கறவங்க எப்ப வேணா திறந்து படிக்கலாம். சாவி யார்கிட்ட இருக்கு அத்தான்?"

"இது... நோயாளிங்களுக்கு மட்டும்..." என்று இழுத்தார் அத்தான்.

டாக்டரம்மா அவரிடம் மேற்கொண்டு கேட்கவில்லை. வெளியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார். ஊழியர், நோயாளி எல்லாருடைய பாஸ்வேர்டும் ஒரே பூட்டுக்குள்தான் இருந்தது. தானாக ஈமெயில் அனுப்பும் அந்த ஏற்பாட்டைத் தவிர, சாவி இருந்தது அத்தானிடம் மட்டும். சாவியைப் போட்டுத் திறந்த ஒவ்வொரு தடவையும் பதிவாகியிருந்தது. யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் அவர் அதை அழிக்கவுமில்லை. அந்த ரிப்போர்ட் வெளியே போன அன்று, கால் மணி நேரம் முன்னால், ஒரே ஒரு பாஸ்வேர்ட் திறக்கப்பட்டிருந்தது. அவளுடையது. ரிப்போர்ட்டை வாங்கிய மேனேஜர் அத்தானின் கூட்டாளி என்பதும் வெளிவந்தது.

"பாப்பா, வீட்டுலயே பேசித் தீர்த்திருக்கலாமே" என்றார் அத்தான் மெதுவாக.

"அன்னைக்கு நீங்க வீட்டுலயா பேசினீங்க?"

விஷயம் போலீசுக்குப் போனது. ஒரு வாரம் கழித்து, மதியம், அக்கா போன் செய்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவை.

"ஒரு வார்த்தை சொல்லுடி. நீ மன்னிச்சிட்டேன்னா டாக்டரம்மா விட்டுடுவாங்க."

"வேலை போன அந்த நோயாளி நம்பர் தர்றேன். அவர்கிட்ட கேளுக்கா."

அக்கா அழ ஆரம்பித்தாள். இவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். மனசு இளகும் என்று பார்த்தாள், இளகவில்லை. போனை வைத்துவிட்டுத் தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, வயிறாரச் சாப்பிட்டாள்.