ஒன்பது குளியலறை வீட்டின் அழைப்புமணி

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பரிசுக்காரி. அரண்மனை மாதிரி வீடு வாங்குகிறவர்களுக்குச் சாவியோடு சேர்த்துக் கொடுக்க ஏதாவது ஒரு புத்திசாலிக் கருவியைத் தேர்ந்தெடுப்பது அவள் வேலை. கேட்க சுகமாக இருக்கும். எல்லாமே வைத்திருக்கிறவர்களுக்கு எதைக் கொடுத்துத் தொலைப்பது? கேட்டால் பதில் சொல்லும் ஸ்பீக்கரை ஒரு வீட்டுக்குக் கொடுத்தாள். அங்கே பதினோரு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், இரண்டே நாளில் அது வாயை மூடிக்கொண்டது. தானாகத் தரை துடைக்கும் எந்திரத்தை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தாள். அது மாடிப்படியில் உருண்டு அந்த வீட்டு மாமனாரின் காபியைத் தட்டிவிட்டு, விழுந்த இடத்திலேயே அதைத் துடைத்துக்கொண்டும் இருந்ததாம்.

அடுத்து வந்தவர் பல் டாக்டர். ஒன்பது குளியலறை உள்ள வீடு. முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"இந்தத் தடவை சொதப்பிடாதம்மா. டாக்டரோட மச்சினனுங்க ரெண்டு பேரும் பக்கத்து ரெண்டு வீட்டையும் பார்த்து வச்சிருக்காங்க. அக்கா வந்து குடியேறினாதான் வாங்குவாங்களாம். அது கை நழுவிச்சுன்னா நீயும் வேற வேலை பார்த்துக்க வேண்டியதுதான்."

யோசித்து யோசித்துக் கேமரா வைத்த அழைப்புமணியைத் தேர்ந்தெடுத்தாள். வாசலில் யார் அழுத்தினாலும், வீட்டுக்காரர் எங்கே இருந்தாலும், அவர் போனில் முகம் தெரியும், பேசவும் செய்யலாம். சோதித்துப் பார்க்கத் தன் போனில் இணைத்து, அலுவலகத்தில் எல்லோர் காதையும் ஓட்டையாக்கினாள். பிறகு எலக்ட்ரீஷியன் கொண்டுபோய் மாட்டினார். மணியை டாக்டரின் போனுக்கு மாற்றுவது அவள் வேலை என்று அவர் நினைத்தார். அவர் மாற்றியிருப்பார் என்று அவள் நினைத்தாள்.

மறுநாள் மாலை ஆறரைக்கு அவள் போன் மணியடித்தது. திரை முழுக்க ஒரே மூக்கு. ஒன்பது குளியலறைக்கும் சேர்த்துக் காற்று இழுக்கிற மூக்கு. பதறி அணைத்தாள். முதலாளியிடம் சொல்ல வாய் வரவில்லை. இரண்டாம் நாளும் அதே மூக்கு. கொஞ்சம் தாமதமாக அணைத்தாள். மூன்றாம் நாள் அணைக்கவில்லை.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேமராவைப் பார்த்துப் பேசினார். "வாம்மா, உள்ள வா. கிளினிக் மாடி ரெண்டு ரூமை விட்டு வரமாட்டேன்னு உட்காராத. எல்லாம் உனக்காகத்தான்." தலையை ஆட்டினார். "ம்ஹூம், சரியில்ல." திரும்பவும் மணியை அழுத்தினார். "பார்த்தியா, உனக்குத் தெரியாமலே உனக்குன்னு எப்படி வாங்கிட்டேன் பார்த்தியா."

சாவி வாங்குகிற அன்று டாக்டரின் மனைவி வராதது ஏன் என்று இப்போது அவளுக்கு விளங்கியது. அந்த அம்மாளைக் கேட்காமல் வீட்டை வாங்கிவிட்டார். கிளினிக் மாடியில் இருக்கும் இரண்டு அறையை விட்டு அசையமாட்டேன் என்று அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டார். இவரோ காலி வீட்டு வாசலில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பரிசுக்காரியின் கணவர் ஒரு பிறந்தநாளுக்கு அவளைக் கேட்காமல் ஓடுகிற எந்திரம் வாங்கித் தந்திருந்தார். இன்றுவரை அதில் ஓடியவர் யாருமில்லை, துணிதான் காய்கிறது. அந்த எரிச்சலில் விரல் பேசுகிற பொத்தானை அழுத்திவிட்டது.

"சார், அதை மட்டும் சொல்லிடாதீங்க."

டாக்டர் திரையிலிருந்தே காணாமல் போனார். ரொம்ப நேரம் கழித்து, கீழேயிருந்து பாதி முகம் எழும்பியது.

"யாரு?"

"வீடு வித்த கம்பெனியிலேர்ந்து பேசறேன் சார். உங்க மணி என் போன்ல வருது. மாத்தாம விட்டது என் தப்பு."

"எவ்வளவு நாளா?"

"மூணு நாளா சார். ஆனா இன்னைக்குத்தான் கேட்டேன்."

டாக்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி, அதைச் சொல்லக்கூடாதுன்னா எதைச் சொல்றது?"

"கேக்காம வாங்கினது தப்புன்னு சொல்லுங்க சார். சொல்லிட்டு சும்மா இருங்க."

அவர் கதவைக்கூடத் திறக்காமல் படி இறங்கிப் போனார். வேலை போனது போனதுதான் என்று அவள் முடிவுகட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை முதலாளியின் அறையில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

"கதவுக்குள்ளேர்ந்து பேசின பொண்ணு யாரு?"

"நான்தாம்மா. மன்னிச்சிடுங்க."

டாக்டரின் மனைவி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "முப்பத்திரண்டு வருஷத்துல அந்த மனுஷன் என்கிட்ட அசடு வழிஞ்சதே இல்ல. நேத்து வந்து, கதவு என்னைத் திட்டிடுச்சுன்னு ஆரம்பிச்சு, ஒத்திகை பார்த்தது வரைக்கும் ஒண்ணு விடாம சொல்லிட்டார். சிரிச்சு சிரிச்சு எனக்கு இடுப்பே பிடிச்சுக்கிச்சு. தப்புன்னும் சொன்னார், அதிசயமா." சிரிப்பை நிறுத்தினார். "அதுக்காக எங்க வாசல் உன் போன்ல தெரியறது எனக்குப் பிடிக்கல."

"இப்பவே எடுத்துடறேம்மா."

முதலாளி மெல்ல ஆரம்பித்தார். "அப்போ தம்பிங்க ரெண்டு பேரும்..."

"நீங்க கொஞ்சம் இருங்க." அந்த அம்மாள் தன் போனை எடுத்து நீட்டினார். "இதுல மாத்திக் குடும்மா. இன்னைக்கு ஆறரைக்கு வந்து மணி அடிக்கச் சொல்லியிருக்கேன். எவ்வளவு நேரம் நிக்கறார்னு பார்த்துட்டுதான் மத்ததெல்லாம்."

பரிசுக்காரி தன் போனிலிருந்து அந்த வாசலை நீக்கி, அந்த அம்மாளின் போனில் சேர்த்துக் கொடுத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இதுவரை பார்த்திராத தன் வீட்டு வாசலை முதல்முறையாக உற்றுப் பார்த்தார். முதலாளி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இந்தப் பூந்தொட்டியை யாரு போய் இப்படி வெயில்ல வச்சது? சாயங்காலம் அவர் வந்ததும் முதல்ல அதை நகர்த்தச் சொல்லணும்" என்றார் அந்த அம்மாள்.